விற்றவர் கால், வாங்கியவர் கை

எங்கள் அக்காவின் காரை அவளுடைய வலது கால் அவளுடைய இடது கைக்கு விற்றுவிட்டது. நான் சொல்லவில்லை. வாகனப் பதிவு அலுவலகம் சொல்கிறது. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் தேதியும் எழுதிச் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கவுண்டர். போகும்போது மறக்காமல் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

நான் சாவி வெட்டுகிறவன். பூட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குச் சாவி என்று ஒன்று இருக்கும், அது தொலைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த நம்பிக்கையிலேயே மண்ணைப் போட்ட இடம் அந்த அலுவலகம். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் சுற்றி வருகிற நர்ஸ் இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு, திட்டு வாங்கி, பதிலுக்குத் திட்டிவிட்டு வருகிற நர்ஸ். ஓர் இடத்தில் உட்காரச் சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு மட்டும் சாயங்காலத்துக்குள் ஒரு முழம் நகர்ந்திருக்கும். அப்படிப்பட்டவளை, வேலைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி தட்டிவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அழுது முடித்துவிட்டு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இனிமே வீடுகளுக்கு எப்படிடா போறது?" என்பதுதான்.

செயற்கைக் கால் வைத்தார்கள். நடக்க அது போதும். கார் ஓட்டப் போதாது. பெடலை மிதிக்கிறோமா, பக்கத்தில் தரையை மிதிக்கிறோமா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. அதனால் கியர் மாற்ற வேண்டாத பழைய கார் ஒன்றை வாங்கி, ஸ்பேனரிடம் கொடுத்தோம். ஸ்பேனர் என்பது எங்கள் மெக்கானிக்குக்கு நாங்கள் வைத்த பெயர். அவன் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைப் பொருத்தினான். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். அது இடது கையின் வேலை. வலது கைக்கு ஸ்டீயரிங்கின் மேலேயே ஒரு குமிழ். அதைப் பிடித்துச் சுற்றினால் வண்டி திரும்பும். மைதானத்தில் அக்கா ஓட்டிப் பார்த்தாள். குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல நிறுத்தினாள்.

இதுவரை ஒரு தப்பும் நடக்கவில்லை. தப்பு தமிழில் நடந்தது.

இப்படி மாற்றிய வண்டியைப் பதிவு அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மெக்கானிக்கின் கடிதம் வேண்டும். "பிரேக்கைக் கையால போடற மாதிரி மாத்தியிருக்கேன்" என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஸ்பேனருக்குக் கொஞ்சம் கவிதை வரும். பட்டறைச் சுவரில் பஞ்சரைப் பற்றிக்கூட நாலு வரி எழுதி வைத்திருக்கிறான். அரசாங்கத்துக்குப் போகிற கடிதமாயிற்றே என்று மெனக்கெட்டு இப்படி எழுதினான்: "மேற்படி வண்டியின் இயக்கம் வலது காலிடமிருந்து இடது கைக்குக் கைமாற்றம் செய்யப்பட்டது."

கைமாறியது என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். வீடு கைமாறியது, கடை கைமாறியது, வண்டி கைமாறியது. ஸ்பேனருக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை. கடிதத்தைப் படித்துப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கேடா" என்று பாராட்டியவன் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவசரம் எங்களுக்கு. ஆஸ்பத்திரியில் அக்காவைத் தற்காலிகமாக டோக்கன் கொடுக்கிற நாற்காலியில் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். மேட்ரன் நல்லவர்தான், ஆனால் கறாரான ஆள். "மாசக் கடைசிக்குள்ள நீ தனியா ஓட்டிட்டுப் போறதுக்கு அனுமதி கொண்டு வா. இல்லேன்னா வீடு வீடாப் போற வேலைக்கு வேற ஆள் போட்டுடுவாங்க. இந்த நாற்காலி உனக்கு நிரந்தரமாயிடும்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் வரும்வரை அந்த வீடுகளுக்கு யாரும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் நலம் விசாரித்தார்கள், அவ்வளவுதான். படுத்த படுக்கையாக இருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் தினம் அக்காவுக்குப் போன் செய்வார். "முதுகுல கட்டு காஞ்சு ஒட்டிக்கிச்சு. வீட்டுல பிரிக்கப் பயப்படறாங்க. நீ எப்ப வர்றே?" என்பார். அக்கா ஒரு கையால் டோக்கன் கிழித்துக்கொண்டே, "வந்துடறேன் டீச்சர், ரெண்டு நாள்ல" என்பாள். அந்த ரெண்டு நாள் எத்தனை ரெண்டு நாளாயிற்று என்று நான் எண்ணவில்லை. போனை வைத்ததும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

கடையைப் பூட்டிவிட்டு, அக்காவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது கவுண்டரில் எழுத்தர் கடிதத்தைப் படித்தார்.

"வண்டியை வித்துட்டீங்களா?"

"இல்ல சார். ஓட்டப்போறேன்" என்றாள் அக்கா.

"கைமாற்றம்னு போட்டிருக்கே."

"பிரேக் காலிலேருந்து கைக்கு மாறியிருக்கு சார்."

"அதைத்தாம்மா கேக்கறேன். யார்கிட்டேருந்து?"

"கால்கிட்டேருந்து."

"யாருக்கு?"

"கைக்கு."

எழுத்தர் எழுதிக்கொண்டார். விற்றவர்: கால். வாங்கியவர்: கை. "எந்தக் கால், எந்தக் கை? தெளிவாச் சொல்லுங்க. பின்னால சிக்கல் வரும்" என்றார். அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னாள். வலது கால், இடது கை. டொக் என்று முத்திரை விழுந்தது.

நான் குனிந்து பார்த்தேன். பதறிப்போய், "சார், ரெண்டும் ஒரே ஆளோடது" என்றேன்.

"ஒரே குடும்பத்துக்குள்ள மாத்தினாலும் கைமாற்றம் கைமாற்றம்தான் தம்பி. சலுகை உண்டு. அதுக்குத் தனி மனு."

"அடிச்சுட்டுத் திருத்தி எழுதுங்க சார்."

"பதிஞ்சதை அடிக்கணும்னா, பதிஞ்சவர் தப்பாப் பதிஞ்சுட்டேன்னு எழுதிக் குடுக்கணும். பதிஞ்சது நான். நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

நியாயமான கேள்விதான். எழுத்தர் அடுத்த தாளைப் புரட்டினார். "விற்றவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"வர முடியாது சார்" என்றாள் அக்கா.

"வெளியூரா?"

"இல்ல. இப்ப இல்ல."

எழுத்தரின் முகம் இளகியது. "தவறிட்டாரா? எப்ப?"

"போன மழைக்காலத்துல."

"அடடா. வயசானவரா?"

"என் வயசுதான்."

"நெருங்கின சொந்தமா?"

"கூடவே பொறந்தது சார்."

எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு எழுத்தர் நிமிர்ந்து, கனிவான குரலில், "இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும், "சிரிச்சியா?" என்று அக்கா கேட்டாள். "இல்லக்கா" என்றேன். "சிரிச்சா அடி விழும்" என்றாள்.

இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற அறை அதே கட்டடத்தில் பின்பக்கம். அங்கே ஓர் அம்மாள். ஆஸ்பத்திரி கொடுத்த அறுவைச் சிகிச்சைத் தாளை நீட்டினோம். "வலது கால், அகற்றப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டது" என்று அதில் இருந்தது. அம்மாள் அதைப் படித்து ஆச்சரியப்படவில்லை. அந்தக் கட்டடத்தில் ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை என்று நினைக்கிறேன்.

"பேரு?"

"கால்."

"அப்பா பேரு?" அக்கா எங்கள் அப்பா பெயரைச் சொன்னாள். அவர் எங்கிருந்தாலும் மன்னிக்கட்டும்.

"கடைசி நேரத்துல பக்கத்துல யார் இருந்தது?"

"நான்தான். மயக்கத்துல இருந்தேன்."

"நிரந்தர முகவரி?"

"முழங்காலுக்குக் கீழ."

"கல்யாணம் ஆனவரா?"

அக்காவுக்கு அதற்குள் அலுத்துப்போயிருந்தது. "இன்னொரு கால் இருக்கும்மா. பொறந்ததிலேருந்து அதோடதான் சேர்ந்து நடந்துச்சு" என்றாள். சொன்னது அவ்வளவுதான். அம்மாள், "துணை: இடது கால், உயிருடன் உள்ளார்" என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கே ஆரம்பித்தது. மூன்றாவது கவுண்டருக்குத் திரும்பி வந்தால், எழுத்தர் சான்றிதழைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "துணை உயிரோட இருக்கும்போது சொத்து நேரா கைக்கு எப்படிம்மா போகும்? நாளைக்கு இடது கால் கோர்ட்டுக்குப் போச்சுன்னா?"

"போகாது சார். என்னை விட்டு அது எங்கேயும் போகாது."

"வாயால சொன்னா ஆச்சா? ஆட்சேபனை இல்லைன்னு எழுத்துல வேணும். அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ ரேகை."

எழுத்தர் மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தார். அக்காவுக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். அவர் தரையில் மண்டியிட்டு, இடது காலின் செருப்பைத் தானே கழற்றி, பெருவிரலில் மை தடவி, தாளில் பதமாக அழுத்தினார். அந்த ஆபீஸில் எல்லாரும் அவர்கள் காலில் விழுவதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அவர்கள் ஒரு காலுக்கு முன்னால் விழுந்து பார்த்தது அன்றைக்குத்தான். துடைக்கத் துணிகூடக் கொடுத்தார். அக்கா இத்தனை நாள் அங்கே வந்து நின்றதில் அவளுக்குக் கிடைக்காத மரியாதை அவள் பெருவிரலுக்குக் கிடைத்தது.

எழுந்திருக்கும்போது எழுத்தரின் கண் வலது பக்கம் போனது. "இது யாரு, புதுசா?"

"செயற்கைக் கால் சார்."

"வளர்ப்பா? இது பின்னால உரிமை கேக்குமே."

எனக்கு நாக்கு அரித்தது. "அது இன்னும் மைனர் சார்" என்றேன்.

எழுத்தர் சிரிக்கவில்லை. "அப்படின்னா கார்டியன் போடுங்க" என்று இன்னொரு தாளை நீட்டினார். அக்கா போட்டாள். போட்டுவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடியும் போட்டாள்.

இதெல்லாம் நடந்து முடிவதற்குள் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. காத்திருக்கிற கூடத்தில் உட்கார முடியாமல் அக்கா நடப்பாள். செயற்கைக் கால் டக் டக் என்று சத்தம் போட, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. ஒரு சுவரில் விதிகள் எழுதிய பெரிய பலகை ஒன்று இருந்தது. யாரும் படிக்காத பலகை. கீழ்ப்பாதியைப் பீரோ மறைத்திருந்தது. நடந்து நடந்து அக்காவுக்கு மேல்பாதி மனப்பாடமாகிவிட்டது. பீரோவுக்குப் பின்னால் தலையை விட்டுக் கீழ்ப்பாதியையும் படித்தாள். வேறு வேலை இல்லையே.

கடைசியில் கோப்பு மேலதிகாரியிடம் போயிற்று. எங்களை உள்ளே கூப்பிட்டார். பெரிய மேஜை, அதன்மேல் ஒன்றுமே இல்லை. கோப்பைப் புரட்டினார். "விற்றவர் கால்னு இருக்கே. கால் பங்கு மட்டும்தான் வித்தாச்சா? மீதி முக்கால் எங்கே?"

"இங்கதான் உக்காந்திருக்கேன் சார்" என்றாள் அக்கா.

அவள் குரல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவருக்குக் குத்தவில்லை. "ரொம்ப நல்லது" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாருங்கம்மா, உங்களை மாதிரி ஆளுங்க மேல எங்களுக்குத் தனி அக்கறை உண்டு. இந்த வாசல்ல சாய்தளம் போட நான்தான் உத்தரவு போட்டேன். சாய்தளம் வந்துச்சு. வாசலைத்தான் அப்புறம் அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. அது வேற பிரிவு. இத்தனை வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒருத்தருக்காவது முடியாதுன்னு சொல்லியிருப்பேனா? கேட்டுப் பாருங்க. முடியும்னும் சொன்னதில்ல. அதனாலதான் என்மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூடக் கிடையாது. முடிவெடுக்கறவன்தாம்மா மாட்டிக்குவான். நாங்க பரிசீலிக்கிறவங்க. உங்களுது இப்ப பரிசீலனையில இருக்கு. அதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்துலயே கிடையாது."

"சார், ஓட்டிக் காட்டறேன். ஓட்டறதை ஒரு தடவை பாருங்க. எனக்காகப் படுத்துக் கிடக்கறாங்க சார் அங்க."

அவர் யோசித்தார். சோதனை வைப்பதற்கு முடிவு எதுவும் எடுக்கத் தேவையில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மணியை அடித்தார்.

வந்தவர் சோதனை அதிகாரி. ஒல்லியான, பயந்த மனிதர். எதைக் கேட்டாலும், "பார்க்கலாம்" என்பார். மணி என்ன சார் என்று கேட்டால்கூட அதைத்தான் சொல்வார் என்று தோன்றும். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பார்க்கலாம். ஸ்பேனரிடம் சொல்லிக் காரை அங்கே கொண்டு வரச் செய்தோம். பார்க்கலாம் அக்காவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். வண்டி வாசலைத் தாண்டியது.

"சோதனை மைதானம் இடது பக்கம்" என்றார் பார்க்கலாம்.

அக்கா வலது பக்கம் குமிழைச் சுற்றினாள். "மைதானம்னு விதியில இல்ல சார். சோதனை அதிகாரி 'நிறுத்து' என்று கூறி வண்டியை விட்டு இறங்கும் வரை சோதனை நடப்பதாகக் கருதப்படும். இறங்கிய இடத்திலேயே தேறினார் அல்லது தேறவில்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பலகையில இருக்கு. பீரோவுக்குப் பின்னால."

பார்க்கலாம் நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவருடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது. தேறினார் என்று எழுதினால், வண்டி கையின் பேரில் இருக்கும்போது ஓட்டியவளை எப்படித் தேற்றினாய் என்று நாளைக்குக் கேள்வி வரும். தேறவில்லை என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். அக்கா ஒரு காரணமும் தரவில்லை. சிக்னலில் நின்றாள், வழி விட்டாள், திருப்பத்தில் விளக்கைப் போட்டாள். அதனால் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நேராக டீச்சர் வீட்டுக்குப் போயிற்று.

டீச்சர் அக்காவைப் பார்த்ததும் திட்டத்தான் ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கட்டைப் பிரித்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது கவுண்டரில் விழுந்த ஒவ்வொரு முத்திரையும் அந்தக் கிழவியின் முதுகில்தான் விழுந்திருந்தது. "யார்ரா அது கதவுகிட்ட முழிக்கறது?" என்று டீச்சர் பார்க்கலாமைக் கேட்டார். "தட்டைப் பிடி. கை கழுவினியா?" பார்க்கலாம் போய்க் கை கழுவினார். கை கழுவுவது அந்த ஆபீஸுக்குப் பழகின வேலைதான். சோப்புப் போட்டுக் கழுவியது வேண்டுமானால் புதுசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். "சார், நான் இன்னும் நிறுத்துன்னு சொல்லல."

"சொல்லாதய்யா. சொன்னா எழுதணும். எழுதினா கையெழுத்துப் போடணும்" என்று போனில் கேட்ட குரல் பின் சீட்டு வரை வந்தது. "இறங்கினா இடைவேளைன்னு போட்டுக்கோ. காலையில மறுபடியும் ஏறிக்கோ."

அப்படியாகச் சோதனை தொடர்ந்தது. மாசக் கடைசி வரைக்கும்தான் என்று சொல்லி மேட்ரனும் டோக்கன் நாற்காலியிலிருந்து அக்காவை அனுப்பி வைத்தார். தினம் காலையில் பார்க்கலாம் வருகிறார், முன் சீட்டில் ஏறுகிறார், வீடு வீடாகப் போகிறார். அடுத்த இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு மருந்துப் பெட்டியைத் தூக்கப் பழகினார். நோயாளிகள் அவரை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள். அவர் "பார்க்கலாம்" என்றார். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஜாக்கிரதையாக ஒரு வார்த்தையை மட்டும் அவர் விழுங்கிவிட்டார். தண்ணீர் ஊற்றினால் "போதும்" என்பார், வீடு வந்தால் "இங்கதான்" என்பார். அந்த வார்த்தை வாயில் வரவே வராது.

எனக்கு விடுதலை. கடையைத் திறந்தேன். ஆனால் அக்காவுக்கு விடுதலை இல்லை. "பக்கத்துல ஒரு மூச்சு கேட்டுக்கிட்டே இருக்குடா. திரும்பறப்பல்லாம் அவர் கால் தரையை மிதிக்குது, பிரேக் இருக்கற மாதிரி. எனக்கு ஒரே ஒரு தடவை தனியா ஓட்டணும்" என்றாள். மேட்ரனும் விடவில்லை. மாசக் கடைசிக்கு முந்தின நாள், "அனுமதி எங்கே?" என்று கேட்டாராம். அக்கா ஜன்னல் வழியாகக் காரைக் காட்டி, "சீட்டுல உக்காந்திருக்கார்" என்றாளாம்.

"அது அனுமதி இல்ல, ஆளு. தாள் வேணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்" என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. வீட்டுக்குள் டக் டக் என்று நடந்துகொண்டே இருந்தாள். "அந்த ஆளு கையைக் காலைப் பிடிச்சுக் கேட்டுப் பாரேன்" என்றேன். "கை காலுன்னு என்கிட்டப் பேசாதே" என்றாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. மருந்து வைக்கிற ஐஸ் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டாளாம். டீச்சர் வீட்டுச் சந்துக்குக் கொண்டு வரச் சொன்னாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. அந்த அளவுக்கு மனசு சரியில்லை. ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். சந்து முனையை ஒரு லாரி அடைத்துக்கொண்டிருந்தது. செங்கல் இறக்கிவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. டிரைவருக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லை. லாரிக்கு நேர் பின்னால் அக்காவின் கார். அக்காவுக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். அவள் பின்னால் போகவும் வழியில்லை. ஹார்ன் அடித்தாள். லாரி வந்துகொண்டே இருந்தது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு லாரி போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் காரின் இடது கதவு திறந்தது. பார்க்கலாம் குதித்து இறங்கினார். அந்த ஒல்லி உடம்பு எங்கேயிருந்துதான் அப்படி ஒரு சத்தத்தை எடுத்ததோ, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு லாரிக்கும் காருக்கும் நடுவில் போய் நின்று, "நிறுத்து" என்று கத்தினார். "நிறுத்துய்யா, நிறுத்து."

லாரி நின்றது.

அக்கா கம்பியை முன்னால் தள்ளி, வண்டியை அணைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "நிறுத்திட்டேன் சார்" என்றாள்.

பார்க்கலாம் திரும்பிப் பார்த்தார். அவர் இன்னும் கையை இறக்கவில்லை. "நான் லாரியைச் சொன்னேன்."

"யாரைப் பார்த்துச் சொல்லணும்னு பலகையில இல்லையே சார். சொல்லிட்டீங்க, இறங்கியும் நிக்கறீங்க."

அவர் என்னைப் பார்த்தார். லாரி டிரைவரைப் பார்த்தார். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹார்ன் அடித்தன. அக்கா டாஷ்போர்டுக்குள்ளிருந்து சோதனைத் தாளை எடுத்து நீட்டினாள். அவர் அதை பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "பார்க்கலாம்னு எழுதட்டுமா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, கெஞ்சலாகவே கேட்டார்.

"ரெண்டு வார்த்தைதான் சார் இருக்கு."

அவர் பேனாவை ஒரு தடவை உதறினார். பிறகு "தேறினார்" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். தாளை ஜன்னல் வழியாகக் கொடுக்கும்போது, "நீங்க நல்லாத்தாம்மா ஓட்டறீங்க. முதல் நாள் வாசலைத் தாண்டினப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. முதல் நாளே தெரியுமாம். முதல் நாளே. ஆனால் இப்போதுதான் அவர் லாரிக்குக் குறுக்கே போய் நின்றிருந்தார். அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. ஐஸ் பெட்டியை எடுத்து வந்து காரின் பின் சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அக்கா அவரைப் பார்த்து ஒரு வார்த்தை, "நன்றி" என்று சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மேட்ரன் அந்தத் தாளையே அனுமதியாக வாங்கிக்கொண்டார். பதிவுப் புத்தகத்தில் இன்றைக்கும் காரின் உரிமையாளர் இடது கைதான். இன்சூரன்ஸ்காரர்கள் "மதிப்பிற்குரிய கை அவர்களுக்கு" என்று வருஷா வருஷம் கடிதம் போடுகிறார்கள். திருத்தச் சொல்லி நாங்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதெல்லாம் பிறகு. அந்த நிமிஷத்தில் பார்க்கலாம் நடுச்சந்தில் வண்டி இல்லாமல் நின்றார். ஆபீஸுக்குப் போக வேண்டும், மேலதிகாரியிடம் தான் ஒரு முடிவு எடுத்துவிட்டதைச் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஏறுங்க சார்" என்றேன். ஸ்கூட்டரில் அக்கா இத்தனை நாள் உட்கார்ந்து வந்த பின் சீட்டில் ஏறிக்கொண்டார். என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

லாரி ஒதுங்கியது. அக்காவின் கார் எங்களைத் தாண்டிச் சந்துக்குள் போனது. பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. நான் கையை ஆட்டினேன். அவள் பதிலுக்குக் கை காட்டவில்லை. அவளுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது.